நீதிக்கட்சியும் சம சந்தர்ப்பக் கொள்கையும்

நீதிக்கட்சி: சென்னை ராஜதானியில் 1916ஆம் ஆண்டு தோன்றி, 1944ஆம் ஆண்டு சேலம் மகாநாட்டில் திராவிடர் கழகமாக உருமாறிய அரசியற் கட்சி. தென்னிந்திய நல உரிமைச் சங்கம் என்பதே இதன் முறையான பெயர். அது நடத்திவந்த ‘ஜஸ்டிஸ்’ என்னும் ஆங்கில நாளேட்டின் பெயரே நாளடைவில் மக்கள் வாக்கில் கட்சியின் பெயராயிற்று. அதன் மந்திரி சபைகள் அமைந்ததும் கவிழ்ந்ததுமான வரலாற்றைக் காட்டிலும், அக்கட்சி கைக்கொண்டிருந்த ஓர் எண்ணத்தின் வரலாறே இங்குக் கூறப்படுகிறது. கல்வியும் உத்தியோகமும் எல்லா வகுப்பாருக்கும் பங்காகக் கிடைக்காத நாட்டில் சுதந்திரம் என்பது ஒரு சிலரின் உடைமையாகவே நின்றுவிடும். ஆகவே சுதந்திரத்துக்கும் சமத்துவத்துக்கும் நடுவே சந்தர்ப்பம் என்னும் ஒன்று எல்லார்க்கும் வாய்க்க வேண்டும் என்பதே அவ்வெண்ணம். அது சென்னைப் பட்டணத்தில் பிறந்ததேயாயினும், அதன் வாழ்வில் இரு பெருந்திருப்பங்களுக்குச் சேலம் ஜில்லா காரணமாயிற்று. அது எட்டிய தூரத்தையும் எட்டாது நின்ற தூரத்தையும் அளந்தறிய அந்த ஜில்லாவின் கீழ்க்கோடியில், கொல்லிமலையின் அடிவாரத்தில் கிடக்கும் சேந்தமங்கலமே தக்க இடம்.

தோற்றம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை ராஜதானியின் மக்கள்தொகையில் நூற்றுக்கு மூவர் என்ற அளவினரான பிராமண வகுப்பார், 1912ஆம் ஆண்டுக் கணக்கின்படி, டிப்டி கலெக்டர் பதவிகளில் நூற்றுக்கு 55 பங்கையும், சப் ஜட்ஜ் பதவிகளில் 83 பங்கையும், ஜில்லா முன்சீப் பதவிகளில் 72 பங்குக்கு மேலும் வகித்திருந்தனர். ஆங்கிலக் கல்வியில் அவர்கள் முந்திக்கொண்டதன் விளைவு இதுவென்பது மெய்யே. ஆனால் முந்திக்கொள்வதற்கு வேண்டிய வசதி எல்லார்க்கும் ஒரே விதமாக வாய்த்திருந்ததா என்ற கேள்வியை, கலெக்டர் கச்சேரியின் வாசலில் மனுவோடு நின்ற வேளாளரும் நெசவாளரும் வணிகரும் தத்தம் மனத்துள் கேட்டுக்கொண்டேதான் இருந்தனர். அக்கேள்விக்கு முதன்முதலில் செயலுருவம் கொடுத்தவர் டாக்டர் சி. நடேச முதலியார். பட்டணத்துக்குப் படிக்க வரும் பிராமணரல்லாத மாணவர்க்குத் தங்குமிடமும் சோறும் கிடைப்பது அரிதாயிருந்த அக்காலத்தில், அவர் 1916ஆம் ஆண்டு திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் என்னும் விடுதியைத் தொடங்கினார். பெருந்தலைவர்களின் சொற்பொழிவுகளைக் காட்டிலும் இந்த விடுதியே கட்சியின் மெய்யான கருவறை என்று கருத இடமுண்டு. சந்தர்ப்பம் என்பது ஒரு மாணவனுக்குக் கூரையாகவும் உணவாகவும்தான் முதலில் வந்து சேர்கிறது.

அதே ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் வேப்பேரியில் எதிராஜுலு முதலியார் இல்லத்தில் கூடிய கூட்டத்தில், அதுவரை ஒருவரோடொருவர் ஒத்துப்போகாதிருந்த பிட்டி தியாகராய செட்டியாரும் டாக்டர் டி. எம். நாயரும் ஒன்றுபட்டனர், பத்திரிகைகள் நடத்துவதற்கென ஒரு சங்கம் நிறுவப்பட்டது. டிசம்பரில் தியாகராயரின் பெயரால் பிராமணரல்லாதார் அறிக்கை வெளிவந்தது. 1917 பிப்ரவரியில் ‘ஜஸ்டிஸ்’ தோன்றியது. தமிழில் ‘திராவிடன்’, தெலுங்கில் ‘ஆந்திர பிரகாசிகா’ என்ற ஏடுகளும் கட்சிக் கொள்கையைப் பரப்பின.

அறிக்கையின் ஒரு கூறு அன்றும் பின்னரும் பெருங்கண்டனத்துக்குள்ளாயிற்று. அன்னி பெசன்ட் அம்மையார் எழுப்பிய ஹோம் ரூல் கோரிக்கையை அது எதிர்த்தது; வகுப்புகளிடையே நடுநிலை தாங்கவல்லது பிரிட்டிஷ் அதிகாரமே என்று நம்பியது. அந்த நம்பிக்கை தவறானது. அன்னிய ஆட்சி எந்த வகுப்புக்கும் நடுவராக இருந்ததில்லை. தன் ஆட்சி நிலைப்பதற்கு எது உதவுமோ அதையே அது நாடிற்று. ஆயினும், நாடு விடுதலையடைந்தால் அதிகாரம் எவர் கையில் போய்ச் சேரும் என்று அக்கட்சி கேட்ட கேள்வி நியாயமானது. அதைக் காங்கிரசுக்குள்ளிருந்த பிராமணரல்லாத தேசியவாதிகளும் கேட்டனர். சேந்தமங்கலத்துக்கு அண்மையிலுள்ள இராசிபுரத்தில் பிறந்தவரும், தேசிய இயக்கத்தில் பன்முறை சிறை சென்றவருமான டாக்டர் பி. வரதராஜுலு நாயுடு, சேரன்மாதேவி குருகுலத்தில் மாணவரிடையே பந்தி வேற்றுமை காட்டப்பட்டபோது அதனை எதிர்த்துப் போராடியது, இக்கேள்வி ஒரு கட்சியின் எல்லைக்குள் அடங்கியதன்று என்பதைக் காட்டும்.

ஆட்சிக்காலம். மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின்படி 1920இல் நடந்த முதல் தேர்தலில், தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய 98 இடங்களில் 63 இடங்களை நீதிக்கட்சி பெற்றது. காங்கிரஸ் அத்தேர்தலில் கலந்துகொள்ளவில்லை என்பதும், சுமார் நாலு கோடி மக்கள் வாழ்ந்த ராஜதானியில் வாக்குரிமை பெற்றிருந்தோர் ஏறக்குறைய 12 லட்சம் பேரே என்பதும் இவ்வெற்றியை மதிப்பிடும்போது நினைவில் இருத்தத்தக்கவை. முதன்மந்திரிப் பதவி தம்மை நாடி வந்தபோது தியாகராயர் அதை ஏற்க மறுத்துவிட்டார்; ஏ. சுப்பராயலு ரெட்டியாரும், 1921 முதல் 1926 வரை பனகல் அரசரும் அப்பதவியை வகித்தனர். 1921 செப்டம்பரிலும் 1922 ஆகஸ்டிலும் பிறந்த வகுப்புவாரி ஆணைகள், அரசாங்க உத்தியோகங்களில் எல்லா வகுப்பாரும் இடம்பெற வேண்டும் என்னும் கொள்கையை முதன்முதலாக அரசாங்க ஏட்டில் ஏற்றின.

அவ்வாண்டுகளின் வேலைகளுள், உத்தியோகப் பங்கீட்டைப்போல் அடிக்கடி பேசப்படாத சில உண்டு. என் அபிப்பிராயத்தில் அவையே கட்சியின் சமத்துவ இலட்சியத்துக்கு மிக அருகில் நிற்பவை. தியாகராயர் தலைமையில் சென்னை நகரசபை 1920இல் ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பகலுணவு அளிக்கத் தொடங்கியது. 1921இல் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கிச் சென்னை சட்டசபை பிற மாகாணங்களுக்கு முன்னின்றது. 1922இல் தாழ்த்தப்பட்டோரின் தலைவரான எம். சி. ராஜாவின் முயற்சியால், இழிவுக்குறியாக வழங்கிய சாதிப்பெயர்களுக்குப் பதிலாக ஆதி திராவிடர், ஆதி ஆந்திரர் என்னும் பெயர்கள் அரசாங்க வழக்கில் ஏற்கப்பட்டன. 1924இல் ஆர். வீரையன் கொணர்ந்த தீர்மானத்தின் பயனாக, பொதுத் தெருக்களையும் கிணறுகளையும் குளங்களையும் தாழ்த்தப்பட்டோர் பயன்படுத்தத் தடையில்லை என்று அரசாங்கம் அறிவித்தது. ஆணை பிறந்த மறுநாளே கிணற்றடியில் கயிறு கைமாறிவிடவில்லை. ஊர்க்கட்டுப்பாடு சட்டத்தைவிட வலிதாக நின்ற கிராமங்கள் எண்ணற்றவை. எனினும், தடுப்பவன் பக்கம் அதுவரை நின்ற அரசாங்க அதிகாரம் தடுக்கப்பட்டவன் பக்கம் ஓரடியேனும் நகர்ந்து நின்றது அன்றுதான்.

குமாரமங்கலமும் பன்னிரண்டு இடங்களும். 1926 தேர்தலுக்குப்பின் எக்கட்சியையும் சாராத மந்திரி சபை அமைத்தவர் டாக்டர் பி. சுப்பராயன், சேலம் ஜில்லா திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்தின் ஜமீன்தார், ஆக்ஸ்போர்டில் பயின்றவர். பனகல் அரசரின் காலத்தில் பெரும்பாலும் காகிதத்திலேயே தங்கிவிட்ட வகுப்புவாரிக் கொள்கைக்குத் திட்டவட்டமான விதி அமைந்தது இவருடைய ஆட்சியில்தான். 1927 நவம்பரில் பிறந்த ஆணையை, 1928 மார்ச்சில் நீதிக்கட்சியின் ஆதரவோடு மந்திரியான எஸ். முத்தையா முதலியார் தம் பொறுப்பிலிருந்த பத்திரப்பதிவு இலாகாவில் செயலுக்குக் கொணர்ந்தார். நிரப்பப்படும் உத்தியோகங்களைப் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பகுத்து, ஒவ்வொரு பன்னிரண்டிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ-இந்தியரும் கிறிஸ்தவரும் சேர்ந்தோருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1 என்று முறை வகுக்கப்பட்டது. எவரையும் முற்றாக விலக்காமல், எவர்க்கும் முழுவதையும் விட்டுக்கொடுக்காமல், எண்ணிக்கையாலேயே நியாயம் பேச முயன்ற இவ்விதி, பிற்காலத்து இடஒதுக்கீடு அனைத்துக்கும் முன்மாதிரியாயிற்று. சுப்பராயன் பின்னர்க் காங்கிரசில் சேர்ந்தார். 1932இல் கோயில் நுழைவை ஆதரித்து அவர் சட்டசபையில் கொணர்ந்த தீர்மானமும் இதே மனப்போக்கின் தொடர்ச்சியே.

ஆனால் அந்தப் பன்னிரண்டையும் கூர்ந்து நோக்குவோர்க்கு ஒரு குறை புலப்படாமற் போகாது. பெருந்தொகையினரான தாழ்த்தப்பட்டோருக்குப் பன்னிரண்டில் ஒன்று; மலைவாசிகளுக்கென்று ஒன்றுமேயில்லை. நீதிக்கட்சியின் தலைவர்களுள் பெரும்பாலோர் ஜமீன்தார்களாகவும் பெருவணிகர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் இருந்தமையால், தமக்கு மேலே அடைபட்டிருந்த கதவைக் கண்டுகொண்ட அளவுக்குத் தமக்குக் கீழே அடைபட்டிருந்த கதவை அவர்கள் காணவில்லை. 1921இல் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது ஆதி திராவிடத் தொழிலாளருக்கும் பிற வகுப்புத் தொழிலாளருக்கும் மூண்ட பகைமையில் கட்சித் தலைவர்கள் சிலர் நடந்துகொண்ட முறை ஆறாப் புண்ணாயிற்று, 1923இல் எம். சி. ராஜா கட்சியைவிட்டு விலகினார். சமத்துவத்தைக் கொள்கையாகக் கொண்ட ஒரு கட்சிக்கு இதனினும் பெரிய இழப்பு வேறில்லை. 1937இல் ராஜதானி சட்டசபையின் 215 இடங்களில் அதற்குக் கிடைத்தவை 18 மட்டுமே என்பது அவ்விழப்பின் பின்விளைவுகளுள் ஒன்று.

இதே சமயத்தில் சேலம் ஜில்லாவில் வேறொரு வழியும் சோதிக்கப்பட்டது. 1925இல் திருச்செங்கோட்டுக்கு அண்மையில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நிறுவிய சி. ராஜகோபாலாச்சாரியார், கதரும் மதுவிலக்கும் தீண்டாமை ஒழிப்பும் மக்களின் மனமாற்றத்தால் நிறைவேற வேண்டும் என்று உழைத்தார். முதன்மந்திரியானதும் 1937 அக்டோபர் முதல் நாள் மதுவிலக்கைச் சேலம் ஜில்லாவிலேயே தொடங்கினார். மனமாற்றத்தை முதலாகக் கொண்ட வழியும் பங்கீட்டை முதலாகக் கொண்ட வழியும் ஒரே ஜில்லாவின் சில காத தூரத்துக்குள் வளர்ந்தன.

சேலம் மகாநாடு. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைப்பட்டிருந்த ஈ. வெ. ராமசாமிப் பெரியார், 1938 டிசம்பரில், சிறையிலிருக்கும்போதே கட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சீமான்களின் கூடமாயிருந்த ஸ்தாபனம் அதன்பின் தெருவுக்கு வந்தது. 1944 ஆகஸ்டு 27ஆம் நாள் சேலத்தில் கூடிய மகாநாட்டில் சி. என். அண்ணாதுரை கொணர்ந்த தீர்மானம், பிரிட்டிஷார் அளித்த பட்டங்களை விட்டொழிக்க வேண்டும், கௌரவப் பதவிகளைத் துறக்க வேண்டும், கட்சியின் பெயர் இனித் திராவிடர் கழகம் என்று மாற வேண்டும் என்று கூறியது. ராவ் பகதூர், திவான் பகதூர், சர் என்னும் விருதுகளால் தம்மை அறிந்துகொண்டிருந்த ஒரு தலைமைக்கு இது கடுஞ்சோதனை. உடன்பட மனமில்லாதோர் பி. டி. ராஜன் முதலியோர் வழியில் பழைய பெயரோடு விலகி நின்றனர். 1916இல் அன்னிய ஆட்சியின் நிழலில் சமத்துவத்தைத் தேடிய கட்சி, அந்த நிழலை விட்டு வெளியே வந்தது சேலத்தில்தான். பட்டத்தின் மதிப்பு பிறரைத் தாழ நிறுத்துவதிலேயே தங்கியிருப்பதால், அதைத் துறந்ததன்றி வேறு எதனாலும் அக்கட்சி தன் சமத்துவத்தை மக்கள் நம்பும்படி செய்திருக்க முடியாது.

பின்வரலாறு. 1947இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் பன்னிரண்டு என்னும் பகுப்பு பதினான்காக விரிந்தது: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, கிறிஸ்தவருக்கும் ஆங்கிலோ-இந்தியருக்கும் 1, முஸ்லிம்களுக்கு 1. குடியரசின் அரசியற் சட்டம் நடைமுறைக்கு வந்ததும், செண்பகம் துரைராஜன் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றமும், 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றமும் இவ்வாணை செல்லாதெனத் தீர்ப்பளித்தன. தமிழ்நாடெங்கும் எழுந்த கிளர்ச்சியின் பயனாக அதே ஆண்டில் அரசியற் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு, பிற்பட்ட வகுப்பாருக்குத் தனி ஏற்பாடு செய்யும் அதிகாரம் 15ஆம் பிரிவில் சேர்க்கப்பட்டது. இன்றைய 69 சதவீத இடஒதுக்கீடு வரையுள்ள படிகள் அனைத்தும் அத்திருத்தத்தின்மேல் எழுந்தவையே.

சேந்தமங்கலம். முன்னாளில் ஒரு பாளையத்தின் தலைமையிடமாயிருந்து இப்போது நாமக்கல் மாவட்டத்தில் பேரூராட்சியாய் விளங்கும் இவ்வூரைச் சூழ்ந்த சமவெளியில் குச்சிக்கிழங்கும் நிலக்கடலையும் விளைகின்றன. கிழக்கே கொல்லிமலை சுவராக நிற்கிறது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகளில் ஏறும் சாலை, வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு என்று நாடுகளாகவே பெயர் வழங்கும் மலையூர்களுக்குச் செல்கிறது. மிளகும் காப்பியும் பலாவும் அன்னாசியும் விளைவித்து அங்கு வாழ்பவர் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர்; அவர்கள் தாய்மொழி தமிழே. 1927ஆம் ஆண்டின் பன்னிரண்டிலும் 1947ஆம் ஆண்டின் பதினான்கிலும் தனியே பெயர் பெறாத இம்மக்களுக்கு அட்டவணைப் பழங்குடியினர் என்ற முறையில் சட்டசபையில் இடம் அளித்தது குடியரசின் அரசியற் சட்டம். தமிழகத்தின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் இன்று பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்டவை இரண்டே: ஒன்று ஏற்காடு, மற்றொன்று சேந்தமங்கலம். இரண்டும் பழைய சேலம் ஜில்லாவைச் சேர்ந்தவை. கல்வியிலும் உத்தியோகத்திலும் பழங்குடியினருக்குத் தனியே நூற்றுக்கு ஒன்று என்னும் பங்கு, நீதிக்கட்சியின் முதல் ஆணை பிறந்து ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1990இல் கிடைத்தது. நாமக்கல் வட்டாரத்தில் பெருந்தொகையினராக உழைத்துவரும் அருந்ததியருக்கு உள்ஒதுக்கீடாக 3 சதவீதம் கிடைத்தது 2009இல்.

இவ்வளவும் நிகழ்ந்த பின்னரும் பட்டியல் முழுமையடையவில்லை. அட்டவணையில் மலையாளி என்னும் பெயர் சேலம், தருமபுரி, திருச்சிராப்பள்ளி முதலிய குறிப்பிட்ட ஜில்லாக்களோடு பிணைத்தே எழுதப்பட்டமையால், கொல்லிமலையில் பிறந்தவர் பழங்குடியினராக எண்ணப்பட, ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் பிறந்த அவர்தம் இனத்தார் அவ்வாறு எண்ணப்படாமல், சாதிச் சான்றிதழுக்காக நெடுங்காலமாய் விண்ணப்பித்து வந்திருக்கின்றனர்.