நிலைமுதல், பங்கு, குத்தகை: திருப்பருத்திக்குன்றம் – காஞ்சி வட்டாரத்தின் முதலீட்டு முறைகள்

ஆய்வுச் சுருக்கம்

பங்கு, பத்திர ஒழுங்குமுறை, குத்தகை ஆகியன ஐரோப்பியக் குழுமங்களோடு தமிழகத்திற்கு வந்த கருத்துகள் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. காஞ்சி வட்டாரத்தின் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் வருவாய்த்துறை ஆவணங்களும் இவ்வெண்ணத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகின்றன. விற்க இயலாத அறக்கொடை முதல், விற்கத்தக்க ஊர்ப்பங்கு, கைம்மாற்றம் வரம்பிடப்பட்ட கூட்டுறவுப் பங்கு ஆகிய மூன்றையும் இக்கட்டுரை ஒப்பிடுகிறது. முதலைக் கைமாற்றும் உரிமை யாருக்கு இருந்தது என்பதைப் பொறுத்தே அதனைக் கண்காணிக்கும் முறையும் அமைந்தது என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: பள்ளிச்சந்தம், பொலிசை, காணியாட்சி, குத்தகை, கூட்டுறவு

முன்னுரை

காஞ்சிபுரத்தை அடுத்து, வேகவதி ஆற்றங்கரையில் அமைந்த திருப்பருத்திக்குன்றம் சமணக் காஞ்சி எனப்படுகிறது. இவ்வூர்த் திரைலோக்கியநாதர் கோயில் அதன் ஓவியங்களுக்காகவே பெரிதும் ஆராயப்பட்டுள்ளது. அதன் பொருளியல் அடித்தளம் அவ்வளவு கவனம் பெறவில்லை. ஒரு நிறுவனம் பல நூற்றாண்டுகள் நிலைத்திருக்க, அதன் முதல் தனிமனிதரின் இறப்பால் சிதறாதிருத்தல் வேண்டும். இன்றைய குழுமச் சட்டம் ‘தொடர் வாழ்வு’ எனக் கூறும் இப்பண்பை அறக்கொடைகள் எவ்வாறு பெற்றன என்பதே இவ்வாய்வின் தொடக்க வினா.

விற்க இயலாத முதல்

பல்லவ மன்னன் சிம்மவர்மனின் பள்ளன்கோயில் செப்பேடு, பருத்திக்குன்றைச் சேர்ந்த வச்சிரநந்தி என்னும் சமண முனிவருக்கு அமண்சேர்க்கை என்னும் ஊர் பள்ளிச்சந்தமாக வழங்கப்பட்டதைக் கூறுகிறது. கொடையாக வழங்கப்பட்ட ஊர் தொண்டைமண்டலத்து வெண்குன்றக் கோட்டத்தில் இருந்தது. கொடை பெற்றவரோ காஞ்சியைச் சார்ந்தவர். முதல் ஓரிடத்திலும் அதன் பயன் மற்றோரிடத்திலும் இருக்கும் ஏற்பாடு இவ்வூர் வரலாற்றின் தொடக்கத்திலேயே காணப்படுகிறது. பின்னர், சோழர் காலத்தில் ‘ரிஷி சமுதாயம்’ எனும் துறவியர் கூட்டமைப்பு நிலம் பெறும் தரப்பாகக் குறிக்கப்படுகிறது. உடைமை ஒரு முனிவரின் பெயரிலன்றி, உறுப்பினர் மாறினும் மாறாத ஓர் அவையின் பெயரில் நின்றது. 1382-இல் விசயநகரத் தண்டநாயகன் இருகப்பன் மகேந்திரமங்கலம் என்னும் ஊரை இக்கோயிலுக்கு அளித்தான். சில ஆண்டுகளில் அவனே சங்கீத மண்டபத்தையும் எழுப்பினான். மண்டபம் ஒருமுறைச் செலவு. ஊர் ஆண்டுதோறும் பயன் தரும் முதல். இவ்விரண்டையும் ஒருவனே செய்திருப்பது, கட்டடத்தோடு அதன் பராமரிப்புக்கான வருவாயும் வேண்டும் என்னும் தெளிவைக் காட்டுகிறது.

இக்கொடைகளின் உட்கருத்து ‘முதல் அழியாமை’ என்பதாகும். நந்தா விளக்கிற்கு விடப்பட்ட ஆடுகளைக் கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’ எனக் குறிக்கின்றன. தனித்தனி ஆடுகள் இறக்கும். மந்தையின் எண்ணிக்கை குறைதல் கூடாது. பொன்னும் காசும் கொடையானபோது இதே நெறி ‘பொலிசை’ எனும் வட்டி முறையாகச் செயற்பட்டது. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது 12.5 விழுக்காடு, பொலிசையாகக் கணக்கிடப்படுகிறது.

காஞ்சியில் இம்முறையில் நெசவாளர் பெற்ற இடத்தை, சென்னை அருங்காட்சியகத்திலுள்ள உத்தம சோழனின் 16-ஆம் ஆட்சியாண்டுச் செப்பேடு காட்டுகிறது. ஊரகத்துக் கோயிலுக்குரிய பொன் நகரின் சேரிகளில் வாழ்ந்தோரிடம் வட்டிக்கு விடப்பட்டது. அவ்வட்டியால் கோயிற் செலவுகள் நடைபெற வேண்டும். பட்டசாலிகள் எனப்பட்ட நெசவாளர் கோயில் நிருவாகத்தில் பொறுப்பேற்றனர். கணக்கை நகரத்தார் பார்வையிட வேண்டும் என்னும் விதியும் அதில் உண்டு. நெசவாளர் இங்குக் கடன் பெறுவோர் மட்டுமல்லர், அறமுதலின் பொறுப்பாளருமாவர். எனினும் அம்முதலில் அவர்களுக்கு உடைமை இல்லை. அதனை விற்கவோ பிரிக்கவோ எவராலும் இயலாது. முதலைத் திரும்பப் பெற்று வெளியேறும் வழி எவருக்கும் இல்லாதபோது, அதனைக் காக்கும் கருவியாகக் கணக்காய்வு மட்டுமே எஞ்சுகிறது.

விற்கத்தக்க பங்கு

விற்கத்தக்க பங்கை இவ்வட்டாரம் அறியாததால் அறமுதல் இவ்வாறு அமைந்தது எனக் கருதுதல் பொருந்தாது. தொண்டைமண்டலத்துக் காணியாட்சி முறை, ஆங்கில ஆவணங்களில் மிராசு எனப்படுவது, இதற்குச் சான்று. எல்லிசு 1818-இல் மிராசு உரிமை பற்றிய 17 வினாக்களுக்கு அளித்த விடைகள் இம்முறையை விரிவாக விளக்குகின்றன. ஊர் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான பங்குகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. நிலத்தைப் பங்காளிகள் பொதுவில் வைத்துக் காலந்தோறும் மறுபகிர்வு செய்வது பசுங்கரை. நிலையாகப் பிரித்துக்கொள்வது அறுதிக்கரை. ஊர் முழுதும் ஒருவருக்கே உரியது ஏகபோகம். பங்கை விற்கலாம், அடகு வைக்கலாம், வழிவழியாகப் பெறலாம். பசுங்கரை ஊரில் ஒருவர் விற்றது குறிப்பிட்ட வயலை அன்று. ஊரின் மொத்த வருவாயில் தமக்குரிய விகிதத்தை. குழுமப் பங்கின் இலக்கணமும் இதுவே. இன்று பங்குச்சந்தையில் வழங்கும் ‘பங்கு’, தனியுரிமை வணிகத்தைக் குறிக்கும் ‘ஏகபோகம்’ ஆகிய இரு சொற்களும் ஊர்நிலக் கணக்கிலிருந்தவை என்பது குறிப்பிடத்தக்கது.

பங்கு இருந்த இடத்தில் குத்தகையும் இருந்தது. பங்காளி தாமே உழாதபோது பாயகாரி எனப்படும் குடியானவர் உழுதார். ஊரிலேயே நிலைத்தவர் உள்குடி, வெளியூரிலிருந்து வந்தவர் புறக்குடி. விளைச்சலைப் பகிர்வது வாரம். விளைச்சல் எதுவாயினும் குறித்த அளவு செலுத்துவது குத்தகை. மழை பொய்த்த ஆண்டின் இழப்பை வாரத்தில் இருவரும் ஏற்றனர். குத்தகையில் உழுபவர் ஒருவரே ஏற்றார். உழாத பங்காளிக்குச் சேர வேண்டியது சாமிபோகம் அல்லது துண்டுவாரம் எனப்பட்டது. கல்வெட்டுகளில் வரும் ‘குடிநீங்கா’, ‘குடிநீக்கிய’ என்னும் கொடை வகைகளும் உடைமை மாறும்போது உழுகுடியின் நிலை யாது என்னும் வினாவுக்கான விடைகளே.

இப்பங்குமுறையின் குறை அதன் மூடிய தன்மை. பங்கு கைமாறினும், நிலத்தில் உழைத்த பறையர் அதனை அடைய வழியிருக்கவில்லை. தரிசு நிலத்திலும் மிராசுதாரருக்கே முன்னுரிமை இருந்தது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் அம்மாவட்டப் பறையர் பற்றி எழுதிய குறிப்பு இத்தடையை வெளிப்படுத்தியது. 1892-இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் அரசாணைக்கு அது வழிகோலியது. பங்கின் விற்பனைத் தன்மை மட்டும் நீதியை உறுதி செய்யாது என்பதற்கு இவ்வட்டாரமே சான்று.

கூட்டுறவுப் பங்கும் பத்திரச் சட்டமும்

1904-இன் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தின்கீழ் இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் அவ்வாண்டு அக்டோபரில் காஞ்சிபுரத்தில் பதிவு செய்யப்பட்டது. இப்புதிய பங்கு முன்னைய இரண்டினின்றும் வேறுபட்டது. 1912-ஆம் ஆண்டுச் சட்டம், வரையறுத்த பொறுப்புள்ள சங்கத்தில் தனிமனிதர் எவரும் பங்கு முதலில் ஐந்தில் ஒரு பகுதிக்கு மேலோ 1,000 ரூபாய்க்கு மேலோ கொண்டிருத்தல் கூடாது என்றது. வரையறையற்ற பொறுப்புள்ள சங்கத்தில் ஓராண்டேனும் வைத்திருந்த பின்னரே பங்கை மாற்றலாம். அதனையும் சங்கத்திற்கோ சக உறுப்பினருக்கோதான் மாற்றலாம். பதிவாளர் ஆண்டுதோறும் கணக்காய்வு செய்விக்க வேண்டும். அறமுதலைப் போன்று இது சந்தைக்கு வருவதில்லை. ஊர்ப்பங்கைப் போன்று இதற்குத் தனி உடைமையாளர் உண்டு.

1956-ஆம் ஆண்டின் பத்திர ஒப்பந்த ஒழுங்குமுறைச் சட்டம் சந்தையில் விற்கத்தக்க தன்மையை மையமாகக் கொண்டே ‘பத்திரம்’ என்பதை வரையறுக்கிறது. 1992-இல் சட்ட அதிகாரம் பெற்ற செபி அமைப்பின் சட்டமும், கூட்டுறவுச் சங்கங்களின் திட்டங்களைக் கூட்டு முதலீட்டுத் திட்டங்கள் என்னும் வரையறையிலிருந்து விலக்குகிறது. பங்குச்சந்தை முதலீட்டாளரைக் காப்பது தகவல் வெளியீடும், விற்று வெளியேறும் உரிமையும். நெசவாளர் கூட்டுறவுச் சங்க உறுப்பினருக்கு இரண்டாவது வழி இல்லை. எனவே கணக்காய்வு தளர்ந்தால் அவரது இழப்பைத் தடுக்க வேறு அரண் இல்லை. கோயில் நிலத்திலும் இதே நெறி தொடர்கிறது. 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, ஆணையரின் ஒப்புதலற்ற விற்பனையையும் ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகையையும் செல்லாததாக்குகிறது. நெடுங்காலக் குத்தகை நடைமுறையில் விற்பனையாக மாறிவிடும் என்பதே இவ்வரம்பின் காரணம்.

முடிவுரை

பள்ளிச்சந்தம், ஊர்ப்பங்கு, கூட்டுறவுப் பங்கு ஆகிய மூன்றும் ஒரே வட்டாரத்தில் தோன்றி நிலைத்தவை. அவை வளர்ச்சியின் படிநிலைகள் அல்ல; முதலை யார் விற்கலாம் என்னும் வினாவுக்கான மூன்று வேறு விடைகள். விற்கும் உரிமை நீக்கப்பட்ட இடத்தில் அதற்கு ஈடாகக் கணக்கைக் கேட்கும் உரிமை வைக்கப்பட்டது. உத்தம சோழன் செப்பேடு கணக்குப் பார்க்கும் பொறுப்பை அந்நகரத்தாரிடமே விட்டது. இன்றைய சட்டம் அதனைப் பெரிதும் அரசு அலுவலரிடம் ஒப்படைக்கிறது. காஞ்சி நெசவாளர் சங்கங்களின் முதலைப் பற்றிய ஆய்வுகள் கடனளவோடு நின்றுவிடாமல், உறுப்பினர் தம் சங்கக் கணக்கைப் பார்க்கும் உரிமையை எவ்வளவு பயன்படுத்துகின்றனர் என்பதையும் கருத்தில் கொள்ளுதல் வேண்டும்.