நன்றி சொல்ல ஏழு நிமிடம்

2005 ஏப்ரலில், இல்லினாய் மாநிலச் சிறுநகர் ஒன்றில் நடந்த ரோட்டரி மாவட்ட மாநாட்டில் எனக்கு ஏழு நிமிடம் கொடுத்தார்கள். அவர்களுடைய உபகாரச் சம்பளத்தில் முதுகலை படிக்கப் போனவள் நான். அப்படிப் போகிறவர்கள் மாநாட்டுக்கு வந்து சொந்த நாட்டைப் பற்றிப் பேசணும், ஊர் மன்றம் கொடுத்தனுப்பிய சின்னக் கொடியை அவர்கள் கொடியோடு மாற்றிக்கொள்ளணும். சேலை கட்டினால் நல்லது என்றார்கள். கட்டினேன். குளிருக்குப் பயந்து மேலே தடித்த ஜாக்கெட் போட்டதில் சேலை பாதி மறைந்துபோனது வேறு கதை.

அது ரோட்டரியின் நூற்றாண்டு. 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் மூன்று பேரோடு கூடியதில் தொடங்கியது. 1947இல் ஹாரிஸ் இறந்தபோது அவர் நினைவாகக் குவிந்த நன்கொடையில்தான் மாணவர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் திட்டம் உருவானது. முதல் ஆண்டில் 18 பேர். அந்த வரிசையின் வால் பக்கம் நான்.

வரிசை எனக்குப் புதுசில்லை. பேராக்கில் எங்கள் தோட்டப் பள்ளிக்கு வருசா வருசம் டவுனிலிருந்து ஒரு சேவை மன்றத்தார் வருவார்கள். புத்தகப் பை, வெள்ளைச் சப்பாத்து. படம் எடுத்து முடியும்வரை பையைப் பிடித்த கை அப்படியே நிற்கணும். "சிரி புள்ள" என்பார் வாத்தியார். அந்தப் படத்தில் ஒன்றுகூட எங்களிடம் வந்ததில்லை.

மத்தியானச் சாப்பாட்டில் என் பக்கத்தில் ஒரு வயதான அம்மா. எத்தனை வருசமாக இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"மெம்பரா பதினாறு வருசம். கேக் செய்யிறது நாப்பது வருசம்."

கணவர் மெம்பர். நிதி திரட்டக் கேக் சுட்டது, கூட்டக் குறிப்பைத் தட்டச்சு செய்தது எல்லாம் இவர். கூட்டத்தில் உட்கார மட்டும் முடியாது.

விதி அப்படி. 1977இல் கலிபோர்னியாவின் டுவார்ட்டே என்ற ஊரில் ஆள் குறைந்துபோன ஒரு மன்றம் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டது. மறுவருடமே தலைமையகம் அந்த மன்றத்தை நீக்கியது. அவர்கள் கலையவில்லை. ரோட்டரிச் சக்கரத்தின் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டு, 'முன்னாள் ரோட்டரி' என்று குத்திக்கொண்டு கூடினார்கள். அந்தக் குசும்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1987 மே 4இல் ஏழு நீதிபதிகளும் ஒரே குரலில் டுவார்ட்டே பக்கம் நின்றார்கள். அதே ஆண்டு சில்வியா விட்லாக் என்ற கறுப்பினப் பெண் அந்த மன்றத்தின் தலைவரானார். உலகம் முழுமைக்குமான விதியிலிருந்து 'ஆண்' என்ற நிபந்தனை விழுந்தது 1989இல். அதற்கு ஓட்டுப்போட்ட சட்டமன்றம் கூடியது எங்கே தெரியுமா? நம்ம சிங்கப்பூரில்.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்று. பிற்காலத்தில் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் முதல் பெண் தலைவரான சடாகோ ஒகாடா, 1951இல் ஜப்பானிலிருந்து அமெரிக்கா போய்ப் படித்தது ரோட்டரிப் பணத்தில்தான். வாங்குகிற இடத்தில் பெண் நிற்கலாம்; கொடுக்கிற மேசையில் ஒரு நாற்காலி போட இன்னும் 38 வருசம் பிடித்தது. கஞ்சத்தனம் பணத்தில் இல்லை.

என் பேச்சு எழுதியே வைத்திருந்தேன்: இரட்டைக் கோபுரம், நாசி லெமாக், மூன்று இனம், நன்றி. இரட்டைக் கோபுரத்தை விட்டுவிட்டுப் புத்தகப் பையைச் சொன்னேன். நீட்டிய கையை, வராத படத்தை. சபை அமைதியாக இருந்தது. நன்றிகெட்டவள் என்று நினைத்திருப்பார்களோ என்று இறங்கும்போது கால் நடுங்கியது. தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார், கொடியை மாற்றிக்கொண்டோம்.

மூன்று வாரம் கழித்து விடுதிக்கு ஒரு உறை வந்தது. கேக் அம்மாதான். உள்ளே மேடையில் நான்: சேலைக்கு மேல் ஜாக்கெட், பாதி திறந்த வாய், சிரிப்பில்லை.