பலாத் தைலம்: குடிமருந்து பூச்செண்ணெய் ஆனது எப்போது?

மூட்டுக்கும் தசைக்கும் தேய்க்கப்படும் ஆயுர்வேதத் தைலங்களில் பலா என்னும் மூலிகையை (பலாமரம் அன்று) முதன்மைச் சரக்காகக் கொண்டவை தனிக் குடும்பம். க்ஷீரபலா, தன்வந்தரம் ஆகியவை அதன் கேரளக் கிளைகள். சிற்றாமுட்டி மடக்குத் தைலம் அதன் சித்த மருத்துவ உறவு. இக்குடும்பத்தின் வரலாற்றைச் சரக சம்ஹிதையில் தொடங்கி இன்றைய மருந்துக்கடை வரை ஒரே நேர்கோடாக வரைவது வழக்கம். அக்கோட்டின் நடுவே திருமுக்கூடல் கல்வெட்டு ஒரு சான்றாக நிறுத்தப்படும். அந்தக் கல்வெட்டு அக்கோட்டில் பொருந்தவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நான் மறுக்கும் வாசிப்பைச் சரக வாசிப்பு என்று அழைக்கிறேன். பலரும் திரும்பத் திரும்ப எழுதி அது பொதுக்கருத்தாகிவிட்டதால் தனி ஒருவர் பெயரோடு அதைக் கட்டவில்லை. அதன் கூற்றுகள் இரண்டு. திருமுக்கூடல் மருந்துகள் சரகத்திலிருந்து இறங்கியவை என்பது ஒன்று. அங்குள்ள தைலங்கள் இன்றைய வாதத் தேய்ப்பெண்ணெய்களின் முன்னோடிகள் என்பது மற்றொன்று. முதலாவது பாதி உண்மை. இரண்டாவதை ஏற்க எனக்கு வழி தெரியவில்லை.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயிலில் உள்ளது அந்தக் கல்வெட்டு. சோழ மன்னன் வீரராசேந்திரன் (1063–1070) காலத்தது. அதன் ஆண்டை 1067, 1068, 1069 என்று நூலுக்கு நூல் மாற்றி எழுதுகிறார்கள். என் வாதத்துக்கு இந்த வேறுபாடு தடையில்லை. கே. வி. சுப்பிரமணிய ஐயர் இதை எபிகிராபியா இண்டிகாவின் 21ஆம் தொகுதியில் பதிப்பித்தார். கோயிலைச் சார்ந்த வேதக் கல்லூரி, விடுதி, 15 படுக்கைகள் கொண்ட ‘வீரசோழன்’ ஆதுலசாலை (மருத்துவமனை) ஆகியவற்றின் செலவுத்திட்டம் அதில் உள்ளது. ஆதுலசாலையில் ஓராண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளும் பெயர் சுட்டப்பட்டுள்ளன. அவற்றுள் தைலம் என்று முடிபவை நான்கு: பலாகேரண்ட தைலம், பஞ்சாக தைலம், லசுனாத்யேரண்ட தைலம், உத்தமகர்ணாதி தைலம்.

சரக வாசிப்பின் வலுவான இடத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பட்டியலில் உள்ள மண்டூர வடகம் சரகத்தின் பாண்டு நோய் அத்தியாயத்தில் இருக்கிறது. கடுக்காய் மருந்துகள் சிலவற்றுக்கும் சரகத்தில் இணை காட்டலாம். ஆனால் கல்யாணலவணத்தை எங்கே தேடுவது? சுசுருதத்தின் சிகிச்சாஸ்தானம் நான்காம் அத்தியாயத்தில், பிற உப்பு மருந்துகளோடு சேர்ந்து அது நிற்கிறது. அந்த அத்தியாயத்தின் பொருளே வாதநோய்தான். ஆக, வாத மருத்துவத்துக்குத் திருமுக்கூடலில் கையாண்ட நூல் சரகம் மட்டுமே என்று சொல்ல முடியாது. சுசுருதமும் அங்கே இருந்திருக்கிறது, அல்லது இரண்டையும் தொகுத்த ஒரு நடுநூல் இருந்திருக்கிறது. அந்த நடுநூல் வாக்பட மரபைச் சேர்ந்தது என்று கருத இடமுண்டு. கல்வெட்டு எந்த நூலின் பெயரையும் சொல்லாததால் இதை முடிவாகக் கொள்ளவில்லை.

இனித் தைலங்கள். நான்கில் இரண்டின் பெயரில் ‘ஏரண்டம்’, அதாவது ஆமணக்கு, இருக்கிறது. லசுனாத்யேரண்ட தைலம் என்ற தொடரின் கட்டமைப்பே சான்று தருகிறது. ‘பூண்டு முதலானவை’ என்று சரக்குகளைத் தொகுத்து முடித்தபின் ஏரண்டம் தனியே வந்து தைலத்தோடு ஒட்டி நிற்கிறது. ஆமணக்கு வேரும் சரக்குகளுள் ஒன்றாக இருந்திருந்தால் ‘முதலானவை’ என்பதற்குள்ளேயே அடங்கியிருக்கும். தனியே சுட்டவேண்டி வந்ததற்குக் காரணம், அடிப்படை எண்ணெய் மாறியதுதான். வடமொழி மருத்துவத்தில் வெறுமனே தைலம் என்றால் நல்லெண்ணெய். இங்கே அது விளக்கெண்ணெய் என்பதைக் காட்டவே ஏரண்டம் பெயரில் ஏறியது.

பலாகேரண்டம் சிக்கலானது. லசுனாதியும் ஏரண்டமும் சேரும்போது இலக்கணப்படி புணர்ந்திருக்கின்றன. பலாவும் ஏரண்டமும் அதே விதியில் சேர்ந்தால் ‘பலைரண்டம்’ ஆக வேண்டும். நடுவே ககரம் வர வழியில்லை. பின்வந்தோர் எழுத்துகளில் இப்பெயர் நெடில் வந்தும் வராமலும் வழங்குவது குழப்பத்தைக் கூட்டுகிறது. இரண்டு தீர்வுகள் சாத்தியம். ஒன்று, ‘பலாக’ என்று ககர விகுதி பெற்ற வடிவம். மற்றொன்று, பாலகம் என்ற வேறு மூலிகை. இரண்டிலுமே புணர்ச்சியில் ஐகாரம் வந்திருக்க வேண்டும். கிரந்த எழுத்தில் ஏகாரத்துக்கு ஒரு கொம்பும் ஐகாரத்துக்கு இரண்டு கொம்பும் இடுவார்கள். கல்லில் ஒரு கொம்பு விடுபட்டால் ‘கை’ என்பது ‘கே’ ஆகிவிடும். எனவே ஏகாரத்தைக் கல்தச்சரின் விடுபாடாகக் கொள்ளலாம். ககரத்தை அப்படித் தள்ள முடியாது.

பாலகம் என்று படித்தால் நறுமணமும் குளிர்ச்சியும் உடைய சரக்கு விளக்கெண்ணெயோடு சேர்கிறது. பலா என்று படித்தால் வாதத்துக்குரிய இரண்டு பெரும் சரக்குகள் சேர்கின்றன. பக்கத்தில் பூண்டும் ஆமணக்கும் சேர்ந்த மருந்து நிற்பதால் நான் பலாவின் பக்கமே சாய்கிறேன். எழுத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் தராசு சமமாகத்தான் நிற்கிறது. இத்தனைக்கும் அப்பால் ஒன்று உறுதி: முதல் சரக்கு எதுவானாலும் அடிப்படை விளக்கெண்ணெயே.

இது ஏன் முக்கியம்? வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயத்தில் சூத்திரஸ்தானம் ஐந்தாம் அத்தியாயம் நீர், பால், தேன், எண்ணெய் முதலான நீர்மப் பொருள்களின் குணம் சொல்வது. விளக்கெண்ணெய் இடுப்பிலும் முதுகிலும் வயிற்றிலும் உண்டாகும் வலியையும் வீக்கத்தையும் போக்கும் என்று அங்கே சொல்லப்படுகிறது. வலி தீர்க்கும் வழி குடித்துக் கழிவது. பின்வந்த நூல்கள் ஆமவாதத்துக்கு விளக்கெண்ணெயைத் தலைமை மருந்தாக வைக்கும்போதும் உள்ளுக்குக் கொடுப்பதைத்தான் கருதுகின்றன. பசைத்தன்மை மிகுந்த அந்த எண்ணெய் உடல் முழுவதும் தேய்க்க ஏற்றதன்று என்பது வைத்தியர்களுக்குத் தெரிந்ததே.

ஆதுலசாலையின் ஆட்பட்டியலும் இதனோடு ஒத்துப்போகிறது. ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் பெறும் வைத்தியர், அறுவை மருத்துவர், மூலிகை கொணர்ந்து மருந்து செய்யும் இருவர், பணிவிடைப் பெண்கள் இருவர், நாவிதர், தண்ணீர் கொண்டுவருபவர் என்று வரிசையாகச் சொல்லும் கல்வெட்டு, எண்ணெய் தேய்ப்பதற்கென்று ஒருவரையும் அமர்த்தவில்லை. நாவிதரே தேய்த்திருக்கலாம் என்று மறுக்கலாம். தமிழகத்தில் நாவிதர்க்கும் மருத்துவத்துக்கும் உள்ள உறவு தெரிந்தோர் அந்த மறுப்பை எளிதில் ஒதுக்கமாட்டார்கள். ஆயினும் விளக்குக்கு எண்ணெய் எரிக்கும் செலவைக்கூடத் தனியே ஒதுக்கிய ஒரு திட்டம், அன்றாடம் பல கை வேலை கேட்கும் சிகிச்சையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் விட்டிருக்கும் என்று நான் நம்பவில்லை.

என் வாசிப்புக்கு எதிரான வலுவான சான்றையும் சொல்லிவிட வேண்டும். இந்த ஆதுலசாலை மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் கோயில் பணியாளர்க்கும் உரியது. படுக்கையில் இருந்தோர் பலர் இளைஞர்களாக இருந்திருப்பர். அவர்களுக்கு மூட்டுவலியைவிட வயிற்று வாயுவும் மலச்சிக்கலும் மிகுதியாக இருந்திருக்கலாம். அப்படியானால் ஏரண்ட தைலங்கள் இரண்டும் மூட்டு மருந்துகளே அல்ல என்று ஆகும். விளக்கெண்ணெயின் குணப்பட்டியலில் முதுகும் வயிறும் சேர்ந்தே வருவதால் இந்த ஐயத்தை நூல்கொண்டு நீக்க முடியாது. நீங்காவிட்டாலும் அது சரக வாசிப்புக்கு உதவாது. தேய்ப்பெண்ணெய் என்ற கூற்று இன்னும் பலவீனப்படவே செய்யும்.

அப்படியானால் இன்றைய தேய்ப்பெண்ணெய்கள் எங்கிருந்து வந்தன? நூல்களில் இரண்டு தனித்தனி ஊற்றுகள் தெரிகின்றன.

சரகத்தின் வாதநோய் அத்தியாயத்தில் ஒரு பலாத் தைலம் உண்டு: நூறு பலம் பலா, அதில் கால் பங்கு சீந்தில், எட்டில் ஒரு பங்கு ராஸ்னா, மேலும் தயிர்த்தெளிவு, கரும்புச்சாறு, ஆட்டுப்பால் என்று நீளும் கூட்டு. க்ஷீரபலா இதன் வழித்தோன்றல் என்று எண்ணுவது பிழை. க்ஷீரபலாவின் மூலம் அடுத்த அத்தியாயமான வாதரத்த சிகிச்சையில் இருக்கிறது. பலாக் கஷாயமும் பலாக் கல்கமும் எண்ணெய்க்குச் சமமான பாலும் சேர்த்து, நூறு முறையோ ஆயிரம் முறையோ காய்ச்சுவது அது. அஷ்டாங்க ஹிருதயம் இதைச் சிகிச்சாஸ்தானம் 22ஆம் அத்தியாயத்தில் எடுத்தாள்கிறது. அந்நூலை உயிராகப் போற்றிய கேரள அஷ்டவைத்திய மரபில் அது வேரூன்றியது. இந்த மருந்தின் பழைய மதிப்பு ரசாயனம் என்பது: புலன்களைத் தெளிவிப்பது, உடலை வளர்ப்பது, குரலுக்கு நல்லது. 101 ஆவர்த்தி (மறுகாய்ச்சல்) செய்த க்ஷீரபலாவை வைத்தியர்கள் இன்றும் துளிக்கணக்கில் கஷாயத்திலோ பாலிலோ விட்டுக் கொடுப்பது அந்தப் பழைய நிலையின் எச்சம். ஆவர்த்தி குறைந்தவை தலைக்கும் உடலுக்கும் போகின்றன. நூல் சொல்லும் நூறு எப்போது நூற்றொன்று ஆனது என்பதற்கு எனக்குக் காலம் காட்டும் சான்று எதுவும் கிடைக்கவில்லை.

இரண்டாவது ஊற்று பேறுகால அறை. சுசுருதம் தன் பலாத் தைலத்தை மூடகர்ப்ப (தடைப்பட்ட பேறு) சிகிச்சையில், பிள்ளை பெற்றவளுக்காகச் சொல்கிறது. அஷ்டாங்க ஹிருதயம் அதைச் சாரீரஸ்தானம் இரண்டாம் அத்தியாயத்துக்குக் கொண்டுபோய், தன்வந்தரிக்கு உகந்தது என்று முடிக்கிறது. தன்வந்தரம் என்ற பெயர் அங்கிருந்து பிறந்தது. பலாவேர்க் கஷாயம், பால், தசமூலம், யவம், இலந்தை, கொள்ளு என்ற அதன் கூட்டு சரகத்தின் கூட்டோடு ஒட்டவில்லை. பிள்ளைபெற்ற உடம்பைத் தேய்த்துக் குளிப்பாட்டும் வழக்கம் வீட்டுப் பெண்களின் கையில் இருந்தது. அதற்கு மருத்துவமனையும் வேண்டாம், சம்பள ஆளும் வேண்டாம். பூச்செண்ணெய் என்ற பயன்பாடு வலுப்பட்டது இந்த வழியில்தான் என்பது என் கருத்து. சான்று மெலிந்த இடம் இது. எனினும் மருந்தின் அத்தியாய இடமும் அதன் இன்றைய பேறுகாலப் பயன்பாடும் ஒரே திசையைக் காட்டுகின்றன. அதே எண்ணெய் பின்னர் கேரளத்து எண்ணெய்ச் சிகிச்சைகளான பிழிச்சலிலும் உழிச்சலிலும் புகுந்து ஆண்களின் மூட்டுக்கும் தசைக்கும் வந்தது.

தமிழகத்துச் சிற்றாமுட்டி மடக்குத் தைலம் எந்த ஊற்றைச் சேர்ந்தது? மடக்கி மடக்கிக் காய்ச்சும் முறை ஆவர்த்திக்கு நேர் இணை. கேரளத்திலிருந்து வந்ததா, இரண்டுக்கும் பொதுவான பழைய தென்னக முறை ஒன்று இருந்ததா என்பது திறந்த கேள்வி. கேரளத்தில் குறுந்தோட்டியும் இங்கே சிற்றாமுட்டியும் பலாவின் இடத்தில் நிற்பதால், பொதுமுறை ஒன்றில் அந்தந்த நிலத்துச் செடி ஏறியது என்பதே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

கடைசி மாற்றத்துக்கு மட்டும் தெளிவான ஆண்டுகள் உண்டு. 1902இல் பி. எஸ். வாரியர் கோட்டக்கல் ஆர்ய வைத்தியசாலையைத் தொடங்கியபின், வைத்தியர் வீட்டில் காய்ச்சிய தைலம் புட்டியில் அடைத்து விற்கும் பொருளானது. மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் சட்டம் 1964இல் திருத்தப்பட்டு ஆயுர்வேத, சித்த மருந்துகளை உள்ளடக்கியது. கேரளத்து மருந்துத் தொகுப்பு நூலான சஹஸ்ரயோகம் அச்சட்டத்தின் ஏற்புடைய நூல்பட்டியலில் இடம்பெற்றது. 1978இல் இந்திய ஆயுர்வேத மருந்து யோகத் தொகுப்பின் முதல் பாகம் வந்தது. வைத்தியர் இல்லாமலேயே வாங்கப்படும் புட்டியில் ‘வெளிப்பூச்சுக்கு மட்டும்’ என்று அச்சிடுவது பாதுகாப்புக்குத் தேவைதான். ஆனால் அந்த முத்திரையை 11ஆம் நூற்றாண்டுக் கல்லின் மேல் வைத்துப் படிக்கும்போது வரலாறு கோணலாகிறது.

சரகம் தன் தைலங்களைக் குடிக்கவும் மூக்கிலிடவும் வஸ்திக்கும் (எனிமா) தேய்ப்புக்கும் என்று பல வழிகளில் கொடுத்தது. அவற்றுள் தேய்ப்பு மட்டும் தலைமை பெற்றது பிற்காலத்து நிகழ்ச்சி. திருமுக்கூடலுக்கும் சஹஸ்ரயோகத்துக்கும் இடைப்பட்ட எந்த நூற்றாண்டில் அது நடந்தது என்பதை இன்றைய சான்றுகளைக் கொண்டு சுட்ட முடியாது. சஹஸ்ரயோகத்தின் காலமே உறுதிப்படாதபோது மேல் எல்லைகூடத் தளர்ந்தே நிற்கிறது. பலாகேரண்டம் என்ற சொல்லின் நெடிலையும் கொம்பையும் தெளிவான மைப்படியில் மறுபடி சரிபார்ப்பதும், ஓலைச்சுவடிகளில் பலாவோடு விளக்கெண்ணெய் சேரும் கூட்டுகளைத் தேடுவதும் அடுத்து நடக்க வேண்டிய வேலைகள். அவை முடியும்வரை திருமுக்கூடலைத் தேய்ப்பெண்ணெயின் முன்வரலாற்றில் சேர்ப்பதை நிறுத்திவைப்பதே முறை.