கிட்டார் ஆம்ப்ளிஃபையர்: பெருநிறுவனங்களும் சிறுபட்டறைகளும்

மின் கிட்டாரின் கம்பி அதிர்விலிருந்து பிறக்கும் மெல்லிய மின்குறிப்பை வலுப்படுத்தி ஒலிபெருக்கிக்கு அனுப்பும் கருவி கிட்டார் ஆம்ப்ளிஃபையர் ஆகும். பழைய வானொலிப் பெட்டிகளில் இருந்தவை போன்ற வால்வுகளால் இயங்கும் இக்கருவியை அளவு மீறி இயக்கும்போது எழும் கரகரப்பு, ஏனைய ஒலிக்கருவிகளில் குறையாகக் கருதப்பட்டாலும், ராக், புளூஸ் இசைகளில் விரும்பித் தேடப்படும் குணமாயிற்று.

லியோ ஃபெண்டர் 1946இல் கலிஃபோர்னியாவில் நிறுவிய நிறுவனத்தின் பாஸ்மேன் என்னும் மாதிரியை அடியொற்றி, லண்டனில் இசைக்கருவிக் கடை நடத்திய ஜிம் மார்ஷலும் அவருடைய தொழில்நுட்பர்களும் 1962 வாக்கில் ஜேடிஎம்45 கருவியை உருவாக்கினர். பெரும்பெயர் பெற்ற மார்ஷல் நிறுவனமே பிறர் வரைந்த மின்சுற்றிலிருந்து தொடங்கியது என்பது, பின்னாளில் சிறுபட்டறைகள்மீது எழுந்த 'நகல்' என்ற குற்றச்சாட்டை எடைபோடும்போது நினைவில் கொள்ளத்தக்கது. 1965இல் சிபிஎஸ் நிறுவனம் ஃபெண்டரை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கிய பின் தரம் தாழ்ந்ததாக இசைஞர் பலர் கருதினர். உதிரிபாகங்களைக் கையால் பற்றவைக்கும் முறையும் காலப்போக்கில் அச்சிட்ட மின்சுற்றுப் பலகைக்கு இடம் விட்டது.

இந்த மனக்குறையே 'பூட்டிக்' எனப்படும் சிறுபட்டறைத் தயாரிப்பாளர்களுக்கு வழி திறந்தது. ரேண்டல் ஸ்மித் ஃபெண்டரின் சிறிய பிரின்ஸ்டன் பெட்டிக்குள் பெரிய மின்மாற்றிகளையும் 12 அங்குல ஒலிபெருக்கியையும் பொருத்தி மெசா பூகி நிறுவனத்துக்கு அடித்தளமிட்டார். ஒவ்வோர் இசைஞரின் கைவாகுக்கும் ஏற்பக் கருவியைத் திருத்தித் தந்த அலெக்சாண்டர் டம்பிள், தம் மின்சுற்றைப் பிறர் படியெடுக்காதபடி அதன்மேல் எபாக்ஸிப் பிசினை ஊற்றி மூடினார். டிரெயின்ரெக் பட்டறையின் கென் ஃபிஷரோ தாம் செய்த கருவிகளுக்கு வரிசை எண்ணுக்குப் பதிலாகப் பெண்களின் பெயர்களைச் சூட்டினார். 1989இல் லாஸ் ஏஞ்சலிஸில் தோன்றிய மேட்ச்லெஸ், பிரிட்டனின் வாக்ஸ் ஏசி30 கருவியின் ஒலியை உறுதியான கட்டமைப்பில் மீட்டெடுத்தது.

பெருநிறுவனங்கள் இப்போட்டிக்குத் தம் பழைய மாதிரிகளைக் கொண்டே விடையளித்தன. ஃபெண்டர் 1990இல் 1959ஆம் ஆண்டு பாஸ்மேனை அச்சுப் பலகையுடன் மறுவெளியீடு செய்து, 1993இல் கையால் இணைத்த வைப்ரோ-கிங்கைத் தனிப்பட்டறையில் உருவாக்கியது. மார்ஷலும் வாக்ஸும் பின்னர் இவ்வழியில் இறங்கின. கையிணைப்பினால் மட்டுமே ஒலி சிறந்துவிடும் என்பது மிகைக்கூற்று. மின்மாற்றியும் ஒலிபெருக்கியும் அதைவிடக் கூடுதலாக ஒலியைத் தீர்மானிக்க, கையிணைப்பின் ஐயமற்ற பயன் பழுதுபார்ப்பு எளிதாவதே. இரு தரப்புக்கும் இடையிலான எல்லையும் நிலையானதாக இல்லை: சிறுபட்டறையாகத் தொடங்கிய மெசா பூகியை 2021இல் கிப்சன் நிறுவனம் வாங்கிக்கொண்டது.