சாயவேரும் பனம்பழமும்

அரசர் பட்டங்களையும் போர்க்களங்களையுமே வரலாறு எனப் படித்துப் பழகிய நமக்கு, நாம் உடுத்தியிருக்கும் துணிக்கும் ஒரு வரலாறு உண்டென்பது எளிதில் தோன்றுவதில்லை. எத்துணியைத் தெரிவது, அதனை எவ்வாறு தோய்ப்பது, எங்கே உலர்த்துவது என்பன மனையியற் பாடத்துக்குரிய சிறு வினாக்களாகவே கருதப்படுகின்றன. ஆயின், வன்னியில் இவ்வினாக்களுக்கு விடை சொல்லப் புகுந்தால், உழைப்பின் வரலாறும் போரின் வரலாறும் ஒருங்கே எழுந்து வருகின்றன.

வடபுலத்து மணற்பாங்கான நிலங்களில் தானாக முளைக்கும் சிறு பூண்டு சாயவேர். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் அது கிண்டி எடுக்கப்பட்டது. அதன் வேர்ப்பட்டை பருத்தித் துணிக்குச் செந்நிறம் ஊட்டுவது. 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய ஒல்லாந்தக் கம்பனி, இவ்வேரைத் தன் தனியுரிமைப் பொருளாக்கிக்கொண்டது. 1697இல் யாழ்ப்பாணத்துக் கொம்மாந்தர் ஸ்வார்டெக்ரூன் தமக்குப் பின் வருவோர்க்கென எழுதிவைத்த குறிப்பிலும் சாயவேருக்கு இடமுண்டு. வேர் கிண்டுதல் விரும்பி மேற்கொண்ட தொழிலன்று. சாதியின் பெயரால் சிலர்மேற் சுமத்தப்பட்ட கடமை. விலையை வகுத்ததும் கம்பனியே. கொம்மாந்தரின் பெயரை நாம் அறிவோம். கொதிமணலைக் கிளறியவரின் பெயரை அறியோம்.

அச்சாயத்தின் சிறப்பு யாது? பருத்தி நூல் வேரின் நிறத்தைத் தானாகப் பற்றிக்கொள்வதில்லை. துணிக்குக் கடுக்காய்ச் சாறும் எருமைப் பாலும் ஊட்டி, படிகாரக் கரைசலில் நனைத்த பின்னரே வேர் அவித்த நீரில் இடுவர். படிகாரத்திலுள்ள அலுமினியம் நூலையும் நிறத்தையும் பிணைக்கின்றது. ஆதலாற்றான் எத்தனை முறை தோய்த்தாலும் அந்நிறம் கழன்றுபோவதில்லை. சோழமண்டலக் கரையிலிருந்த பிரெஞ்சுப் பாதிரியார் கூர்தூ, தொழிலாளரிடமே கேட்டறிந்து இம்முறையை 1742இல் ஐரோப்பாவுக்கு எழுதி அனுப்பினார். இந்தியச் சாயத்துணிகளின் போட்டிக்கு அஞ்சிப் பிரான்சு 1686இலும் இங்கிலாந்து 1700இலும் தடைச்சட்டம் இயற்றியிருந்தன. சந்தையை மூடிக்கொண்டே தொழிலறிவை மட்டும் கேட்டு வாங்கினர்! சாயவேரின் நிறத்துக்குக் காரணமான அலிசரினை 1868இல் கிரேபே, லீபர்மன் என்னும் ஜெர்மானிய அறிஞர் ஆய்வுகூடத்தில் ஆக்கினர். அதன்பின் வேருக்கு மதிப்பில்லாமற் போயிற்று.

துணியைப் பேணும் உழைப்பின் கதையும் இத்தகையதே. உவர்மண் இட்டு, வெள்ளாவி வைத்து, வெளுத்துக் கொடுத்தவர் வண்ணார். யாழ்ப்பாணச் சமுதாய அமைப்பில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அவர் வெளுப்பது மறுக்கப்பட்டிருந்தது. அம்மக்களுக்கெனத் துரும்பர் என்னும் வேறொரு பிரிவினர் ஒதுக்கப்பட்டிருந்தனர். தூய்மையும்கூடச் சாதிவாரியாகப் பங்கிடப்பட்டது.

1990இல் போர் மீண்டும் மூண்டது. பொருளாதாரத் தடை வந்தது. சவர்க்காரம் எளியோர்க்கு எட்டாப் பொருளாயிற்று. அப்பொழுது கைகொடுத்தது பனம்பழம். அதன் களியில் நுரைக்கும் இயல்புள்ள சப்போனின் வகைப் பொருள்கள் உள. என் சிறுபராயத்தில் எங்கள் அம்மா பள்ளிச் சீருடையைப் பனங்களியிற் பிசைந்து, கிணற்றடிக் கல்லில் அடித்து, பலமுறை அலசிக் கொடியில் விரிப்பார். அழுக்கு நீங்கும், மணம் நீங்காது. அம்மணத்துக்கு மாடுகள் வந்து உடுப்பைச் சப்பிவிடும். ஆகவே கொடிக்குக் காவலிருப்பது என் வேலை. முன்பு வெளுப்புக்கு ஆள் வைத்திருந்த வீடுகளின் முற்றங்களிலும் அந்நாளில் அதே மணந்தான் வீசிற்று. சாதிப்பெருமை செய்ய விடாத வேலையைப் பஞ்சம் செய்வித்தது.

பின்னர் 2009 வந்தது. முள்ளிவாய்க்கால் நோக்கி ஒதுங்கிய மக்கள் பங்கர்களுக்கு மணல்மூட்டை அடுக்கச் சாக்கின்றிச் சேலைகளை வெட்டித் தைத்தனர். துணி தெரியும் கலையின் மிகக் கொடிய பாடம் அதுவே. ஐதாக நெய்த பருத்தியில் மணல் ஒழுகும். பட்டும் நைலெக்ஸும் மணலைத் தாங்கும். எங்கள் அம்மா கூறைச்சேலையை ஒருகணம் கையில் வைத்திருந்தார், பின் வெட்டினார். செயற்கை இழை தீப்பட்டால் உருகி உடலில் ஒட்டிக்கொள்ளும் என்பதை அவர் அறிந்திருந்தார். எனவே எங்களுக்குப் பருத்தியை உடுத்தி, நைலெக்ஸை மணலுக்குக் கொடுத்தார்.

போர் முடிந்தபின் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. எங்கள் பாடசாலைகளை விட்டு நீங்கும் பெண்பிள்ளைகள் பலர் விடியுமுன் பேருந்தேறி அங்கே செல்கின்றனர். அவர்கள் தைக்கும் ஆடை கடல் கடந்து போகின்றது. அதனுள்ளே ஒரு சிறு துண்டு தைக்கப்பட்டிருக்கும்: இது எவ்விழை, எவ்வளவு சூட்டில் தோய்க்கலாம், நிழலில் உலர்த்துவதா, வெயிலில் உலர்த்துவதா என்பன அதில் இருக்கும். துணிக்குக் காட்டப்படும் இவ்வக்கறை, அதைத் தைத்த கையின் கூலிக்கும் ஓய்வுக்கும் காட்டப்படுகின்றதா?

துணியைப் பேணும் முறையைக் கற்பிக்கும் ஆசிரியர் இவ்வினாவையும் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும். வேர் கிண்டியவரும், வெளுத்தவரும், தைப்பவரும் நம் பாடநூலில் இடம்பெறும் நாளே வன்னியின் வரலாறு முழுமைபெறும் நாள்.