வெண்கலமும் தார் டின்னும்: பெங்களூருச் சிற்பத்தில் அரசியல் இலட்சியங்கள்

சுதந்திரத்துக்குப் பிந்தைய பெங்களூரில் அரசியல் இலட்சியத்துக்கு உருவம் கொடுக்கும் முயற்சியை விதான சௌதாவிலிருந்து கணக்கிடலாம். 1951இல் நேரு அடிக்கல் நாட்டிய அந்தக் கருங்கல் மாளிகையின் முகப்பில், அரசுப் பணி தேவர் பணி என்று பொறித்தார்கள். கட்டுமான வேலையில் சிறைக் கைதிகளும் ஈடுபடுத்தப்பட்டனர். அதை எழுப்பிய முதல்வர் கெங்கல் ஹனுமந்தய்யா, கட்டடச் செலவு பற்றிய சர்ச்சைக்கும் விசாரணைக்கும் ஆளாகி 1956இல் பதவி இழந்தார். முகப்பு வாசகத்தில் அந்தக் கைதிகளுக்கு இடமில்லை. விடுபட்டுப்போன இந்த உழைப்பைத்தான் பின்னாளில் இந்நகரச் சிற்பம் தேடிப் போனது.

இடையில் வந்தது தமிழர் நன்கறிந்த விவகாரம். அல்சூர் ஏரிப் பக்கம் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் நிறுவிய வள்ளுவர் சிலை 1991இல் திறக்கப்பட இருந்தது. கன்னட அமைப்புகள் எதிர்த்தன. அவ்வாண்டு டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வெளியானதும் தமிழர்மீது வன்முறை வெடித்தது. சிலை 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்று, எடியூரப்பா முதல்வராக இருந்தபோது கருணாநிதி வந்து திறந்துவைத்தார். நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. கலை என்ற அளவில் அந்தப் பெங்களூர்ச் சிலை வழக்கமான வள்ளுவர்தான். ஆனால் மொழிவழி மாநிலங்கள் நல்ல அண்டை வீட்டாராக வாழும் என்ற நம்பிக்கை எங்கே முறிந்தது என்பதை, மூடிக்கிடந்த காலத்தில் அது சொன்ன அளவுக்குத் திறந்த பிறகு சொல்லவில்லை என்பேன்.

சிற்பத்தின் போக்கு திரும்பியது 1992க்குப் பிறகு. பத்ராவதியில் 1957இல் பிறந்த ஷீலா கௌடா, பெங்களூர் கென் கலைப்பள்ளியிலும் சாந்திநிகேதனிலும் லண்டன் ராயல் கலைக் கல்லூரியிலும் படித்த ஓவியர். பாபர் மசூதி இடிப்பும் பம்பாய்க் கலவரமும் நிகழ்ந்த அக்காலத்தில் அவர் சாணியைக் கையில் எடுத்தார். வாசல் தெளிக்கவும் வறட்டி தட்டவும் பெண்கள் அன்றாடம் அளைகிற பொருள் அது. பசுவின் பெயரால் அரசியல் திரண்டுகொண்டிருந்த நாளில், புனிதத்தையும் கூலியில்லா உழைப்பையும் பிரிக்க முடியாதபடி அது ஒன்றாக நிறுத்தியது. மசூதியையோ கலவரத்தையோ அவர் உருவமாகச் செய்யவில்லை.

‘என் வலியை அவனிடம் சொல்’ (1998) இதன் அடுத்த கட்டம். ஊசிகளில் நீள நீளமாக நூல் கோத்து, குங்குமமும் பசையும் பூசித் திரித்த கயிறு சுவரிலும் தரையிலும் குடலைப்போல் நெளிந்து கிடக்கும். அதன் நுனியில் ஊசிகள் கொத்தாகத் தொங்கும். மங்கலக் குங்குமம் அங்கே இரத்த நிறம்.

எனக்கு முக்கியமாகப் படுவது ‘இருட்டறை’ (2006). பெங்களூரைச் சிங்கப்பூராக்குவதாக முதல்வராக இருந்த எஸ்.எம். கிருஷ்ணா சொல்லிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. மேம்பாலங்களும் சாலைகளும் போடப்பட்டுக்கொண்டிருந்தன. சாலை போடும் கூலிகள், காலியான தார் டின்களைப் பிரித்துத் தட்டி, அந்தத் தகரத்தில் சாலையோரக் குடிசை போட்டுக்கொள்வார்கள். அதே டின்களைத் தூண்களாக அடுக்கியும் தகரமாக விரித்தும் ஷீலா கௌடா ஒரு கட்டுமானம் எழுப்பினார். வெளியிலிருந்து பார்த்தால் மண்டபத்தின் கம்பீரம்; குனிந்து உள்ளே போனால் கும்மிருட்டு. கூரையில் போட்ட பொடித் துளைகள் வழியே வெளிச்சம் நட்சத்திரம்போல் கசியும். விதான சௌதாவின் தூண்வரிசை நினைவுக்கு வராமல் போகாது. சிற்பி அப்படி நினைத்தாரோ இல்லையோ.

2009இல் வெனிஸ் பியனாலேயில் அவர் வைத்த படைப்பில், மனித முடியால் திரித்த கயிறுகள் பளபளக்கும் கார் பம்பர்களைத் தாங்கி நின்றன. கண்ணேறு படாமலிருக்க வண்டியில் முடிக்கயிறு கட்டும் ஓட்டுநர் வழக்கத்திலிருந்து பிறந்தது அது. கோயில்களில் காணிக்கையாக இறக்கும் முடி எடையற்றது, பம்பரோ இரும்பு. அப்படைப்பு இப்போது லண்டன் டேட் அருங்காட்சியகத்தில்.

அதே 2009இல்தான் பெங்களூர் அரண்மனைச் சாலையில் தேசிய நவீன கலைக்கூடம் திறந்தது. ஆனாலும் ஷீலா கௌடாவின் பெரிய கண்காட்சிகள் மிலானிலும் மியூனிக்கிலும் நடந்தன. தகரக் குடிசையில் இருப்பவர் ‘இருட்டறை’க்குள் நுழைய வாய்ப்பில்லை என்ற விமர்சனத்தைத் தள்ளிவிட முடியாது. பழியை அவர்மேல் மட்டும் போடுவதும் சரியல்ல. 2022 நவம்பரில் விமான நிலையத்தருகே மோடி திறந்துவைத்த, நகரை நிறுவிய கெம்பேகௌடாவின் சிலை 108 அடி. ராம் சுதார் வடித்தது. வெண்கலம் மட்டும் 98 டன். பெங்களூரின் பொது இடங்களில் நிலமும் நிதியும் அனுமதியும் இப்படிப்பட்ட தலைவர் உருவங்களுக்கே எளிதில் கிடைக்கின்றன.