கட்டுக்கரைக்குளம்: காலந்தாழ்ந்த ஒரு திருத்தம்

மன்னார்ப் பெருநிலப்பரப்பில், முருங்கனுக்கு அண்மையிலுள்ள கட்டுக்கரைக்குளத்தை நான் முதன்முதலாகக் கண்டது ஓர் ஆவணி மாதத்தில். 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கையின் பின்னர் பாதைகள் திறந்து, பத்திரிகையாளர் சென்றுவரக்கூடியதாக இருந்த காலம் அது. சோளகக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. குளத்தின் பெரும்பகுதி வெடித்த சேறாகக் கிடந்தது. எஞ்சிய தண்ணீரில் எருமைகள் படுத்திருந்தன. கொழும்பு திரும்பியதும், குளம் செத்துக்கொண்டிருக்கின்றது என்று ஒரு கட்டுரை எழுதினேன்.

அந்தச் சிறு தண்ணீரைச் சுற்றிக் கூழைக்கடாக்களும் மஞ்சள்மூக்கு நாரைகளும் நெருக்கியடித்து நின்றதையும் கண்டிருந்தேன். கட்டுரையில் அவற்றை அநாதைகள் போலச் சித்திரித்தேன். தண்ணீர் வற்ற வற்ற மீன்கள் ஓரிடத்தில் ஒதுங்குமென்பதும், நாரைகளுக்கு அது பந்திக் காலமென்பதும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. குளக்கட்டில் சந்தித்த முதிய கமக்காரர் ஒருவர், நான் புறப்படும்போது இப்படிச் சொன்னார்: “தம்பி, குளம் படுத்திருக்கேக்கை பார்த்துப்போட்டுப் போறியள். மார்கழி கழிய ஒருக்கா வாங்கோ.”

இக்குளத்தைப் பிழையாக விளங்கிக்கொண்டவன் நான் மட்டுமல்லன் என்பதைப் பின்னரே அறிந்தேன். பிரித்தானிய ஆட்சியில் இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ற், 1859ஆம் ஆண்டு வெளியிட்ட தமது ‘சிலோன்’ நூலில் இக்குளத்தைக் குறிப்பிடுகின்றார். மட்டங்களைக் கணித்ததில் நேர்ந்த தவறினால் வாய்க்கால் நீர் குளத்தை அடையவில்லை என்பதும், எனவே இது ஒருபோதும் பயன்படாத வீண் முயற்சி என்பதும் அவர் தந்த விளக்கம். அவர் பார்த்தது பாழடைந்து காடுபற்றிக் கிடந்த குளத்தை. பாழானதற்குக் காரணம் கட்டியவனின் அறியாமையே என்று முடிவுகட்டுவது அக்காலத்து அதிகாரிகளுக்கு இலகுவாக இருந்திருக்க வேண்டும்.

நீர்ப்பாசனத் திணைக்களத்தில் நீண்டகாலம் பணியாற்றிய ஹென்றி பார்க்கர் போன்றோர் நிலத்தை அளந்து பார்த்தவர்கள். அவர்கள் அக்கருத்தை ஏற்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குளம் புனரமைக்கப்பட்டது. அருவியாற்று நீர், தேக்கம் என்னுமிடத்து அணையிலிருந்து வாய்க்கால் வழியாக இன்றும் குளத்துக்கு வருகின்றது. 5ஆம் நூற்றாண்டின் தாதுசேன மன்னனுடன் இக்குளத்தைத் தொடர்புபடுத்துவோர் உண்டு. 2016இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தொல்லியலாளர் குளத்தை அண்டிய பகுதியில் நடத்திய அகழ்வுகள், இங்கு மனிதக் குடியிருப்பு அதற்கும் முந்தியதென்று காட்டின.

கமக்காரரின் சொற்படி அடுத்த தையிலேயே போனேன். மாரி பெய்து ஓய்ந்திருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். அதன்மேல் கரும்புள்ளிகளாகத் தெரிந்தவற்றை நீர்ப்பாசியென்றே முதலில் எண்ணினேன். பருந்தொன்று தாழப் பறந்தது. புள்ளிகள் அத்தனையும் ஒரே இரைச்சலுடன் எழுந்தன. ஊசிவால் வாத்துகள், நீலச்சிறகிகள். சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, புரட்டாசி, ஐப்பசியில் இங்கு வந்துசேர்பவை. துருசு திறந்து காலபோக வயல்களுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வயல் வரம்புகளில் உள்ளான்கள் இரை பொறுக்கின. கமக்காரர் என்னைக் கண்டு சிரித்தாரேயன்றி, கட்டுரையைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் சங்கடமாயிற்று.

பின்னர் பங்குனியிலும் ஒருமுறை போனேன். மீசை ஆலாக்களின் வயிறு கறுக்கத் தொடங்கியிருந்தது. புறப்படுமுன் அவை பூணும் கோலம் அது. இங்கேயே தங்கிவிடும் தாமரை இலைக்கோழிகளுக்கோ நீண்ட வால் வளர்ந்திருந்தது. முட்டையை அடைகாப்பது ஆண்பறவையே என்று கமக்காரர் சொன்னபோது நான் நம்பவில்லை. பின்னர் நூலொன்றைப் புரட்டிப் பார்த்தேன். அவர் சொன்னதே சரி. 1954ஆம் ஆண்டிலேயே இக்குளம் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டதை அறியாமல் கட்டுரை எழுதியவன், அந்நூலை முன்னரே புரட்டியிருக்கலாம்.

2008இல் போர், மன்னாரின் நெற்களஞ்சியமான இப்பகுதியைக் கடந்தது. சனங்கள் இடம்பெயர்ந்தனர். அவ்வாண்டின் மாரியில், குளக்கட்டில் நின்று வாத்துகளைப் பார்க்க அக்கமக்காரர் அங்கே இருக்கவில்லை. மீளக்குடியமர்ந்த பின்னர் நான் சென்றபோது அவருடைய மகனையே கண்டேன். தகப்பனார் முகாமில் காலமாகிவிட்டாராம். அதுவும் ஆவணி மாதம்; குளம் வற்றிக் கிடந்தது. மகன் வரம்பு வெட்டுவதை நிறுத்தாமலே, “இப்ப ஒண்டுமில்லை அண்ணை, தையிலை வாங்கோ” என்றார்.

அக்கட்டுரைக்கு ஒரு திருத்தம் எழுதியிருக்க வேண்டும். அன்று எழுதவில்லை, அவர் இருந்தபோது எழுதியிருந்தால், வாசித்துக் காட்டியிருக்கலாம்.